வாட்ச்மேன் முழிச்சிருக்காரா

"…எத்தினி தடவ, தம்பி, எத்தினி தடவ! ஒரு நாளாவது எங்கிட்ட வாயத் தொறந்தாரா அந்த மனுசன்?"

அக்கா இதைச் சொன்னது சிதம்பரத்தில், அவள் வீட்டுப் பின்பக்கம், கேஸ் வெந்நீர் டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டு. மனுசன் என்றது மாமாவை. மாமா போய்ச் சேர்ந்து காரியமும் முடிந்திருந்தது. நான் கையில் ஸ்க்ரூடிரைவரோடு தரையில் குந்தியிருந்தேன். அவளுக்கு ஆறுதலாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது எப்படி ஆறுதல் இல்லாமல் போனது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எனக்குக் கடலூர். சிதம்பரம் ரூட்டில் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவன். படித்தது கொஞ்சம், காதில் விழுந்தது ஜாஸ்தி. ஆலப்பாக்கத்தில் ஏறுகிற மீன்காரம்மா சொல்வதை, புதுச்சத்திரத்தில் இறங்குகிறவர் படியில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவதை எல்லாம் மனசில் முடிந்து வைத்துக்கொண்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் அவிழ்ப்பேன். ஆனால் நான் கேட்ட பேச்சிலேயே ருசியான பேச்சு மாமாவுடையதுதான். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னை "மச்சான்" என்பதைத் தவிர வேறு பேர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை.

மாமா கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வெளியூர் ஜனம் வந்து தங்கிக் குளித்துவிட்டு சாமி பார்க்கப் போகிற லாட்ஜ். வெந்நீர்தான் அங்கே பிரதானம். மொட்டை மாடியில் சோலார் போட்டபோது, பழைய கேஸ் டிரம்மைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள். மாமா முதலாளியிடம் கேட்டு, அதை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி, புதிதாகக் கட்டிக் குடிவந்த தன் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். பச்சைத் தண்ணீர் மேலே பட்டால் அன்றைக்கெல்லாம் நெஞ்சு விசில் அடிக்கும். அதற்காகத்தான் அந்த டிரம்.

இப்போது கடையில் விற்கிற கேஸ் ஹீட்டர் வேறு. பேட்டரி போட்டிருக்கும், குழாயைத் திறந்தால் டக்டக்கென்று பொறி அடித்துப் பற்றிக்கொள்ளும். மாமா கொண்டுவந்தது அந்தக் காலத்து மாடல். ஒரு ஆள் உயரத்துக்கு டிரம். அடியில் கையகலக் கண்ணாடி ஜன்னல். அதற்குள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு நீலச் சுடர், பகலும் ராத்திரியும் எரிந்தபடி இருக்கும். டிரம்மில் தண்ணீர் ஆறினால் பெரிய பர்னர் இந்தச் சின்னச் சுடரிடம் நெருப்பு வாங்கிக்கொண்டு குப்பென்று பிடிக்கும். தண்ணீர் சூடானதும் பர்னர் அடங்கிவிடும். சின்னது மட்டும் அப்படியே நிற்கும். கம்பெனிக்காரன் அதற்கு வைத்த பேர் பைலட். மாமா வைத்த பேர் வாட்ச்மேன்.

"ஏன் மாமா வாட்ச்மேன்?" என்று கேட்டேன்.

"எங்க லாட்ஜு வாட்ச்மேன் என்னா வேல செய்றான் மச்சான்? ஒரு வேலயும் செய்யல. ஆனா அவன் முழிச்சிருக்கான்ற தெம்புலதான் அத்தன ரூமும் தூங்குது."

பால் காய்ச்சின அன்றைக்கு மாமா அதைப் பற்றவைத்தார். அன்றிலிருந்து அது அணையவே இல்லை என்பது அக்காவின் பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் பின்னால் கூட்டிப்போய், குனிந்து பார்க்கச் சொல்வாள். "அன்னிக்கி அவரு பத்த வச்சது. இன்னும் நிக்குது பாருங்க." பக்கத்து வீட்டு அம்மா, அவங்க மருமகள், மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் வரைக்கும் குனிந்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளை இல்லாத வீடு அது. எதையாவது ஒன்றைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள மனுஷாளுக்கு வேண்டியிருக்கிறது.

"சிலிண்டர் தீந்து போச்சுன்னா?" என்று ஒருமுறை நானே கேட்டேன்.

மாமா முந்திக்கொண்டு சொன்னார். "தீர்றதுக்கு முன்னாலயே மாத்திருவேன் மச்சான். வாட்ச்மேன் அசரக்கூட மாட்டாரு."

அக்கா அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ராக்கெட் விட்ட ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மாமா லாட்ஜிலேயே, ரிஜிஸ்தர் மேஜையில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. காலையில் டீ குடித்துவிட்டுப் போன ஆளை மத்தியானம் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். நான் கடலூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பொணம் வீட்டைவிட்டுப் போகிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. காபி கூட அக்கம்பக்கத்திலிருந்துதான் வரும். அழுகைக்கு நடுவில் மாமாவின் கூடப்பிறந்த பெரிய அக்கா, அதாவது அக்காவின் நாத்தனார், குரலை உயர்த்தினாங்க. அவங்களும் தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தவங்கதான். குத்தம் சொல்ல ஒன்றுமில்லை.

"தலமாட்டு வெளக்கத் தவிர வேற நெருப்பு எதுவும் இருக்கக்கூடாதும்மா. அடுப்பு, கேசு எல்லாத்தையும் மூடிட்டியா? நீ போயி மூடு, நீதான் மூடணும்."

அக்கா எழுந்து போனாள். நடந்து போனாளே தவிர ஆள் அங்கே இல்லை. சமையல்கட்டில் ரெகுலேட்டரைத் திருப்பினாள். கேஸ் என்று சொன்னார்களே என்று பின்பக்கம் போய் அங்கேயும் திருப்பினாள். வந்து பழையபடி மாமாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். என்ன செய்தோம் என்று அவளுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தோன்றவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள், வீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் தெருக்குழாய்த் தண்ணீரில் குளித்தோம். அதற்கப்புறம் காரியம் வரைக்கும் ஜனம் வருவதும் போவதுமாக இருந்தது. யார் வெந்நீரை நினைத்தார்கள்?

காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய மறுநாள் காலையில் அக்கா குளிக்கப் போனாள். குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. டிரம் முன்னால் போய்க் குனிந்திருக்கிறாள். ஜன்னலுக்குள்ளே இருட்டு.

அன்றைக்கு நான் அங்கேதான் தங்கியிருந்தேன். கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன்.

"வாட்ச்மேனக் கொன்னுட்டேன்டா. என் கையாலயே கொன்னுட்டேன்டா."

மாமாவைத் தூக்கியபோது கூட அவள் அப்படி அழவில்லை. தரையில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் அடித்து அடித்து அழுதாள். "அவரு பத்த வச்சதுடா. அவரு வச்சிட்டுப் போனதுல உசுரோட இருந்தது அது ஒண்ணுதான். இந்தக் கைதான்டா திருப்புச்சு."

"அக்கா, அது கேஸு அடுப்பு மாதிரிதான். தொறந்து பத்த வச்சா எரியப்போவுது, அதுக்குப் போயி…" என்று தீப்பெட்டியை எடுத்தேன்.

எரியவில்லை. ரெகுலேட்டரைத் திறந்தேன், குமிழைத் திருப்பினேன், குச்சியை நீட்டினேன். குச்சிதான் எரிந்து என் விரலைச் சுட்டது. சுடர் வரவில்லை. அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எரியாது என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்த மாதிரி ஒரு முகம்.

அன்றிலிருந்து பச்சைத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தாள். மார்கழிப் பனி வேறு. அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம். கடலூருக்கு வா என்றாலும் வேண்டாம். "அது பத்துனாத்தான் எனக்கு வெந்நி" என்றாள். ராத்திரியெல்லாம் அவள் நெஞ்சு விசில் அடிப்பது கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்கும். அந்தச் சுடர் திரும்ப வரவில்லையென்றால் இவளும் தங்கமாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

சிதம்பரத்தில் ஹீட்டர் மெக்கானிக்குகளுக்கு போன் போட்டேன். எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பேட்டரி மாத்திப் பாத்தீங்களா?"

"இதுக்கு பேட்டரியே கெடயாதுப்பா."

"பேட்டரி இல்லாம எப்பிடி சார் எரியும்?"

ஒருவர் நேரிலும் வந்தார். டிரம்மைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். "இத எங்க புடிச்சீங்கம்மா? மியூசியத்துக்குக் குடுத்துருங்க. புதுசு ஒண்ணு மாட்டித் தரேன், சுவிட்சப் போட்ட மாதிரி வெந்நி வரும்" என்றார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஆளுக்கு டீ கூடக் கொடுக்கவில்லை. துக்க வீட்டிலும் வந்தவரை டீ கொடுக்காமல் அனுப்பாதவள் அவள்.

கடலூருக்கு ஒரு நடை வந்து போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டவ் ரிப்பேர் செய்கிற எனக்குப் பழக்கமான ஒருத்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஹோட்டல் பாய்லர் பார்த்த அனுபவம் உண்டு அவருக்கு. என் கதையைப் பாதி கேட்கும்போதே சிரித்தார்.

"குமிழ அமுக்கிப் புடிச்சியா, இல்ல சும்மா திருப்புனியா?"

"திருப்புனேன்."

"அமுக்கணும்யா. கேஸ மூடி ரொம்ப நாளு ஆச்சுல்ல? குழாயில காத்து நிக்கும். அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான் காத்து போயி கேஸு வரும். வந்து பத்திக்கிச்சுன்னாலும் உடனே கைய எடுத்துராத. சுடருக்குப் பக்கத்துல ஒரு செம்புக் கம்பி நீட்டிட்டிருக்கும் பாரு, அதோட மூக்கு நல்லா காயணும். காஞ்சாத்தான் அது வால்வத் தொறந்து வச்சிக்கும். நெருப்பு இல்லன்னா கேஸ விடக்கூடாதுன்னு காவலுக்கு வச்சது அது. பொறுமையா புடி. மாமியாரு கையப் புடிச்சா மாதிரி புடிக்காத, பொண்டாட்டி கையப் புடிச்சா மாதிரி புடி."

மறுபடியும் சிதம்பரம் போனேன். மாமா வீட்டில் இல்லாத சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவதே ஒரு தண்டனை. பி.முட்லூர் தாண்டினால் போன் அடிப்பார், "எறங்கி லாட்ஜுக்கு வா மச்சான், சேந்து போவலாம்" என்று. பி.முட்லூர் தாண்டியது. போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன்.

அன்றைக்கு அக்கா கூடத்தில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாட்ஜ் முதலாளி கொடுத்தனுப்பிய பை. மாமாவின் மேஜை டிராயரில் இருந்த சாமான்கள். மூக்குக் கண்ணாடி, ஒரு சீப்பு, விபூதிப் பொட்டலம். அதோடு மாத்திரை அட்டைகள். பாதி தின்றது, முழுசாக இருப்பது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரையும் இருந்தது. நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்களே, அது.

"இதெல்லாம் என்னாடா?" என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. யாருக்கும் தெரியாது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பையைச் சுருட்டி பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "நீ வந்த வேலயப் பாரு. பத்துமா, பத்தாதா?" என்றாள்.

பின்பக்கம் போனேன். முதலில் சோப்பு நுரை அடித்து, இணைப்பு எல்லாவற்றிலும் தடவிப் பார்த்தேன். கேஸ் ஒழுகினால் சோப்பு முட்டை விடும். விடவில்லை. குமிழை அமுக்கிப் பிடித்தேன். கட்டைவிரல் மரத்துப்போகிற நேரம் பிடித்த பிறகு, குச்சி நுனியிலிருந்து ஒரு சுடர் தாவியது. ஆனால் நீலமில்லை. மஞ்சளாக, நோயாளி மாதிரி, இப்படியும் அப்படியும் ஆடியது. கையை எடுத்தேன். அணைந்தது. மறுபடி. மறுபடியும் அணைந்தது.

ஸ்டவ் ரிப்பேர்காரருக்கு போன் போட்டேன்.

"மஞ்சளா எரியுதா? சுடரு வர்ற மூக்குல அடப்பு இருக்கு. சிலந்தி கூடு கட்டியிருக்கும். அந்த கேஸு வாசம் சிலந்திக்குப் புடிக்கும், சுடரு இல்லாத குழாயப் பாத்தா குடி வந்துரும். ஊசிய விட்டுக் குத்தாத, ஓட்ட பெருசாயிரும். மெல்லிசு ஒயர்ல ஒரு இழய விட்டு எடு. செம்புக் கம்பி மூக்கையும் லேசா தொடச்சு விடு."

ரெகுலேட்டரை மூடிவிட்டு, டிரம்மின் அடித்தகட்டைக் கழற்றினேன். டிரம் சுவரை ஒட்டி நின்றதால் உடம்பை ஒருக்களித்துத்தான் கையை உள்ளே விட முடிந்தது. டிரம்முக்குப் பின்னால், சுவரில் ஒரு செங்கல் அகலத்துக்குத் திட்டு இருந்தது. ஊன்றிக்கொள்ள அதன்மேல் கை வைத்தேன். கையில் ஏதோ நறநறவென்று நெருடியது. போனில் லைட் போட்டு எட்டிப் பார்த்தேன்.

தீக்குச்சிகள். எரிந்து தலை கருகிய தீக்குச்சிகள். ஒரு பிடி, இரண்டு பிடி இல்லை, திட்டு முழுக்க. அடியில் கிடந்தவை ஓதம் ஏறி மக்கித் தூளாகியிருந்தன. மேலே கிடந்தவை இன்னும் குச்சியாகவே இருந்தன. குப்பைக்கூடையில் போட்டால் அக்கா கண்ணில் படும் என்று மாமா, பற்றவைத்த குச்சியை ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்துக்குள்ளேயே போட்டிருக்கிறார்.

அசரக்கூட மாட்டாரு என்று மாமா சொன்ன வாட்ச்மேன் எத்தனையோ தடவை அசந்திருக்கிறார். சிலிண்டர் தீர்ந்த போதெல்லாம் அணைந்திருக்கிறது. ஒரு புயல் ராத்திரியிலும் அணைந்திருக்கிறது. அன்றைக்கு நானும் இங்கே மாட்டிக்கொண்டு கிடந்தேன். கரண்ட் இல்லை, காற்று கூரையைப் பேர்த்தெடுக்கிற மாதிரி அடித்தது. மாமா குடையை எடுத்துக்கொண்டு, "வாட்ச்மேன் முழிச்சிருக்காரான்னு பாத்துட்டு வரேன்" என்று பின்னால் போனார். குடை இருந்தும் தொப்பலாக நனைந்து, ரொம்ப நேரம் கழித்து வந்தார். "முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார். அக்கா துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மறைக்கவில்லை, சந்தோஷம்தான். அக்கா ஒன்றையும் கொல்லவில்லை. பால் காய்ச்சின அன்றைக்கு ஏற்றிய சுடர் எப்போதோ போய்விட்டது. இவள் அணைத்தது, கடைசியாக சிலிண்டர் மாற்றினபோது ஏற்றிய ஏதோ ஒரு சுடரைத்தான். இதைச் சொன்னால் அவள் கையை அவள் மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஆனாலும் முதலில் வேலையை முடித்தேன். ஒயர் இழையை விட்டதும் பைலட் மூக்கிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைக் கூடு வந்தது. செம்பு நுனியைத் துடைத்தேன். தகட்டை மாட்டி, கேஸைத் திறந்து, அமுக்கிப் பிடித்து, பற்றவைத்தேன். நீலமாக வந்தது. நேராக நின்றது. நன்றாகக் காயட்டும் என்று பிடித்தபடியே இருந்து, மெதுவாகக் கட்டைவிரலை எடுத்தேன்.

நின்றது.

"அக்கா, வா! வந்து பாரு!"

வந்தாள். குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "எரியுது. நீ பத்த வச்சது" என்றாள், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்கிற மாதிரி.

அப்போதுதான் நான் அவளைத் தோளில் பிடித்து, டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவைத்து, லைட்டை அடித்தேன்.

"பாருக்கா. இத்தினி தடவ அணைஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவயும் மாமா பத்த வச்சிருக்காரு. நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்த பெரும கெட்டுடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாம செஞ்சிருக்காரு. நீ ஒண்ணும் கொல்லல."

அக்கா கையை உள்ளே விட்டு ஒரு குச்சியை எடுத்தாள். விரலுக்கு நடுவில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் குந்தி, அவள் முகம் லேசாகும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அது லேசாகவில்லை. உள்ளே எதுவோ எதனோடோ போய்ச் சேர்கிற மாதிரி, மெதுவாக இறுகியது.

"மாத்திரையும் இப்பிடித்தான தின்னாரு" என்றாள். "எனக்குத் தெரியாம. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லல. கூடவே படுத்திருந்தேன்டா. எத்தினி தடவ வலிச்சிச்சோ. எத்தினி தடவ, தம்பி, எத்தினி தடவ! ஒரு நாளாவது எங்கிட்ட வாயத் தொறந்தாரா அந்த மனுசன்?"

ஆலப்பாக்கத்து மீன்காரம்மா ஒருமுறை, கணவனைப் பற்றி யாரோ விசாரித்தபோது, "எனக்குத் தெரியக்கூடாதுன்னு ஒளிச்சு ஒளிச்சு வக்கிறான், எடுத்துப் பாத்தா எல்லாம் என் தலயில பாரம்" என்றாள். அன்றைக்குச் சிரித்துவிட்டு டிக்கெட் கிழித்தேன். இப்போது ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். அக்கா நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

அக்கா குச்சியைக் கீழே போட்டாள். "நீ உள்ள போ" என்றாள். நான் நிலைப்படி வரைக்கும் போய் நின்றேன். அவள் துணி துவைக்கிற கல்லை இழுத்து, டிரம்முக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். புடவையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டாள். அந்தச் சின்ன ஜன்னலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், "யோவ்" என்று ஆரம்பித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி மாமாவைத் திட்டத் தொடங்கினாள்.